தோளில் இரண்டு தட்டு

போன மாதம் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஒரு டாக்டர் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பழைய ஆள் ஒருவர் உடன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னையும் கூட்டிப்போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். திரையில் இரண்டு மூளைப் படங்கள். ஒன்று சுகமான ஆளுடையது, மற்றது மனச்சிதைவு நோய் வந்தவருடையது. இரண்டாவது படத்தில் நடுவிலிருக்கும் நீர் அறைகள் கொஞ்சம் பெருத்திருந்தன. நெற்றிப் பக்கம் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஒரு படத்தை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று சொல்லிவிட முடியாது, நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும் என்றார் டாக்டர். நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்கிறார்.

பிறகு பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். நோய் கொண்டுவந்து சேர்ப்பவை ஒரு பக்கம்: இல்லாத குரல் கேட்பது, இல்லாத பகையை நம்புவது. நோய் எடுத்துக்கொண்டு போகிறவை மறுபக்கம்: பேச்சு, முகத்தின் அசைவு, ஆசை, தானாக ஒரு காரியத்தைத் தொடங்கும் சக்தி. இரண்டு காரியத்தைச் சேர்த்து மனதில் பிடித்து வைப்பதும் பலருக்கு முடியாமல் போகும் என்றார். முதல் பக்கம் மருந்துக்கு அடங்கும், இரண்டாம் பக்கம் அவ்வளவாக அடங்காது. முகத்தில் காட்டாததால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என் பக்கம் திரும்பி, "தாத்தா, இந்த ரெண்டாம் பக்கத்துக்கு உங்க காலத்துல என்ன பேரு?" என்று கேட்டாள்.

"நல்ல நோயாளி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் நான் வார்டராகச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மாதம் பழைய வார்டர் ஒருவரின் பின்னால் நடந்தேன். சாவிக்கொத்தை எந்தக் கையில் பிடிப்பது, கதவைத் திறக்குமுன் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பது, தலையில் கரண்ட் வைக்கும்போது தோளையும் தாடையையும் எப்படி அமர்த்தினால் எலும்பு முறியாது, இவ்வளவுதான் பாடம். இரண்டாவது மாதம் எனக்கும் ஒரு சாவிக்கொத்து கிடைத்தது.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம். வார்டுக்குள் வந்தால் உட்காரவே மாட்டார். இடது கையில் பாக்கெட் கடிகாரம், வலது கையில் சிவப்பு மைப் பேனா. பிரம்பால் நோயாளிகளை அடிக்கிற வழக்கத்தை நிறுத்தியவர் அவர்தான். அடித்த ஒரு வார்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அந்த மரியாதை இன்றும் எனக்கு அவர்மேல் உண்டு. அவரிடம் இருந்த ஒரு குணம், எதைக் கேட்டாலும் பதில் ஒரே சொல்லில் வேண்டும். நாம் இரண்டாவது சொல்லைத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்ப்பார். "எடோ ஞானமுத்து, கத வேண்டாம். உண்டா, இல்லையா?" ஐந்து வருஷத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே சொல் ஆட்களாகிவிட்டோம்.

செல்லையா வந்தது நான் சேர்ந்து மூன்றாவது வருஷம். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்து ஊர். ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவன். ஒரு முறை வந்த ஆளை அடுத்த வருஷம் பார்த்தாலும் போன தடவை எந்தக் கரை வேட்டி எடுத்தார் என்று சொல்லுவானாம். கை கால் கட்டி வண்டியில் கொண்டுவந்தார்கள். கூரைக்கு மேலிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லி ஏசுவதாகக் கத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி பாக்கியம் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கத்துகிற புருஷனைப் பார்த்து அவள் அழவில்லை. "அண்ணே, இவிய சூடாட்டு எதும் குடிக்க மாட்டாவ, ஆத்திக் குடுங்க" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வரிசையாகக் கரண்ட் வைத்தோம். ஒரு மாதத்தில் கத்தல் நின்றது. இரண்டு மாதத்தில் பேச்சும் நின்றது. வார்டு புக்கில் எழுதினேன்: சாந்தம், தொந்தரவு இல்லை. அதற்கு மேல் எங்கள் புக்கில் பெரிய பாராட்டு எதுவும் கிடையாது.

தொந்தரவு இல்லாதவனாகத்தான் இருந்தான். காலையில் மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்து போவார்கள். செல்லையா கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பான். முதல் நாட்களில் சத்தம் போட்டுப் பார்த்தேன், பிறகு கெஞ்சிப் பார்த்தேன். அவன் பிடிவாதக்காரன் என்றே நினைத்தேன். ஒரு நாள் தற்செயலாக அவன் இடது தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டி, "எழும்பு" என்றேன். உடனே எழும்பி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். மறுபடி தட்டி, "நட" என்றேன். நடந்தான். குளிக்கும் தொட்டியருகே போய் நின்றான். "குளி" என்றதும் கோரி ஊற்ற ஆரம்பித்தான். நான் வேறொருவனைக் கவனித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், தொட்டியில் அரைப் பங்கு தண்ணீர் இல்லை, அவன் உதடு நடுங்குகிறது, இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறான். "போதும்" என்றதும் நிறுத்தினான்.

அன்றைக்கே எனக்கு வழி பிடிபட்டது. ஒரு வேலையைச் சின்னச் சின்னச் சொல்லாக நறுக்க வேண்டும். "வாளிய எடுத்து, தண்ணி நெறச்சு, கொண்டு வா" என்றால் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மீதி அவன் கையில் தங்காது. "எடு." தட்டு. "நெற." தட்டு. "கொண்டு வா." இப்படிச் சொன்னால் முழு வேலையும் முடியும். சாப்பாட்டுக்கும் அப்படியே. "தின்னு" என்றால்தான் கை சோற்றுக்குப் போகும், "போதும்" என்றால்தான் நிற்கும். சலவைக் கொட்டகையில் போர்வை மடிக்கக் கொடுத்தேன். ஜவுளிக்கடைக் கை அல்லவா, மூலையோடு மூலை சேர்த்து நீவி மடித்தான். ஒரு போர்வைக்கு ஒரு தட்டு. தட்டாவிட்டால் மடித்த போர்வையை நெஞ்சோடு பிடித்தபடி சாயங்காலம் வரை நிற்பான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தில் என் வார்டுதான் சுத்தம், என் ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள் என்று பேர் வந்தது. நாளாக ஆகத் தட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. போகிற போக்கில் தட்டுவேன், சொல்லைக்கூட வாய்க்குள் சொல்லுவேன். பார்க்கிறவர்களுக்கு அவன் தானாகச் செய்வது போலவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் அப்படியே இருந்தது.

பாக்கியம் மாதம் ஒரு முறை வருவாள். பெண் குழந்தை பிறந்தது, கனி என்று பெயர். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து ஊர்க் கதை எல்லாம் சொல்லுவாள். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் வராது. ஒரு தடவை அவள் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்தாள். அவள் போன பிறகு அது சுற்றியிருந்த வாழைச்சருகை அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள். நான் "விடு" என்றேன், விட்டான். கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற பழக்கம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அவன் வந்து இரண்டு வருஷம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பத் தகுதியானவர்களின் பட்டியல் போட்டார்கள். வராந்தாவில் கூட நோயாளிகள் படுத்திருந்த காலம். ஒரு தாளில் கேள்விகள் இருக்கும், பெரிய டாக்டர் வாசிப்பார், வார்டர் பதில் சொல்ல வேண்டும்.

"குளிக்குமோ?"

"உண்டு சார்."

"தானே தின்னுமோ?"

அந்தக் கேள்வியில் நான் நின்றேன். "தின்னுவான் சார். நான் ஒரு தட்டு தட்டி..."

கடிகாரத்தைப் பார்த்தார். "கத வேண்டாம். ஊட்டிக் கொடுக்கணுமா, இல்ல அவன் கையால தின்னுவானா?"

"அவன் கையாலதான் சார்."

"ஜோலி செய்யுமோ?"

"உண்டு சார்."

கடைசியில் தன் கண்ணாலும் ஒரு முறை பார்ப்பது அவர் வழக்கம். மேசைமேல் இருந்த டம்ளரைக் காட்டி, "செல்லையா, இதில் தண்ணி கொண்டு வா" என்றார். செல்லையா நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் நின்ற என் கை தானாக நீண்டது. இடது தோளில் இரண்டு விரல், இரண்டு தட்டு. செல்லையா டம்ளரை எடுத்துக்கொண்டு போனான். நான் ஒரு எட்டு அவன் கூடவே வைத்து, வாய்க்குள் மீதியைச் சொன்னேன். தண்ணீர் வந்தது. டாக்டர் சிவப்பு மையில் "சுகம்" என்று எழுதினார். அவர் என் கையைப் பார்த்தாரா என்று பல வருஷம் யோசித்தேன். பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் கை என்னுடையது. ஏன் நீட்டினேன் என்று கேட்டால், என் ஆள் தோற்றுப் போகக்கூடாது என்றுதான். அது என் பரீட்சை என்று நான் நினைத்துவிட்டேன்.

கூட்டிப்போக வந்த பாக்கியம் கேட்டில் என்னைத் தனியே அழைத்தாள். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் ஊர் கடைமடை, தண்ணீர் வந்த அன்றே நடவு தொடங்கிவிட வேண்டும்.

"அண்ணே, நான் நடவுக்குப் போவணும். பிள்ளைய இவியகிட்ட விட்டுட்டுப் போலாமா?"

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். நான் அவளுக்கு வித்தை காட்டினேன். செல்லையாவின் தோளில் தட்டி, "பிள்ளைய வாங்கு" என்றேன். கை நீட்டி வாங்கிக்கொண்டான். கனி அப்பனின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். பாக்கியம் அன்றைக்குத்தான் என் முன்னால் அழுதாள். பிறகு அவள் பிள்ளையைத் திரும்ப வாங்கப் போனபோது அவன் விடவில்லை. நான் "போதும்" என்றதும் விட்டான். அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

"பாத்தியாம்மா, சொன்னா கேப்பான். தோள்ல ரெண்டு தட்டு தட்டிச் சொல்லு. அவ்வளவுதான். தைரியமாட்டுப் போ" என்றேன்.

ஒரு சொல்லுக்கு ஒரு காரியம்தான் என்பதை நான் சொல்லவில்லை. அடுத்த சொல்லுக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நடவுக்குப் போயிருக்க மாட்டாள், அவனை வீட்டுக்கும் கூட்டிப்போயிருக்க மாட்டாள். நான் அவனைக் குணமாக்கிவிட்டேன் என்ற பேரும் இருந்திருக்காது.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை பாக்கியம் வீட்டு வாசல்படியில் பிள்ளையை உட்கார வைத்து, புருஷனின் தோளில் இரண்டு தட்டு தட்டி, "பிள்ளைக்கப் பக்கத்துல இரிங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனாள். அவன் இருந்தான். பிள்ளை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழும்பி, வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்த சானல் கால்வாயைப் பார்த்துத் தத்தித் தத்தி நடந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துச் சத்தம் போட்டாள். செல்லையா முழங்காலில் கை வைத்தபடி படியிலேயே இருந்தான். அவள் சுற்றி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாக்கியத்தின் அண்ணன் போலீசில் எழுதிக் கொடுத்தான். பெற்ற பிள்ளை தண்ணீரில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று துவைத்த பெண் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. இவனுக்குப் பைத்தியமா என்று போலீஸ் எங்களிடம் கேட்டார்கள். சிவப்பு மையில் சுகம் என்று எழுதிய தாள் போயிற்று. வார்டு புக்கோடு நான் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று சம்மன் வந்தது.

முந்தின நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்திருந்தார், கடிகாரம் மேசையில் இருந்தது.

"புக்கில் உள்ளதெல்லாம் உண்மைதானே?"

"உண்மைதான் சார். ஆனா..."

"ஆனா வேண்டாம். கேளு. அவனுக்குச் சுகமில்ல, நம்ம தெரியாம விட்டுட்டோம்னு நீ நாளைக்குச் சொன்னா, பட்டியலில் உள்ள பாக்கி ஆட்களை எவனாவது வெளியே விடுவானா? சாவும் வரைக்கும் உள்ளேதான். கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லு. மற்ற கத வேண்டாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நியாயத்தின் அடியில் என் வேலை பத்திரமாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் வாசித்தார். குளிப்பானா? உண்டு. தன் கையால் உண்பானா? உண்டு. சொன்னால் புரியுமா? உண்டு. சொன்னதைச் செய்வானா? உண்டு. தொந்தரவு எப்போதாவது உண்டா? இல்லை. அவனுக்காகப் பேச வந்த இளம் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார், "இவனுக்கு முன்னே பைத்தியம் இருந்ததா?" இருந்தது என்றேன். "இப்போது?" புக்கில் சுகம் என்று இருக்கிறது என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். சொல்லாமலேயே அவன் எதையாவது செய்து பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நாற்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டால்தான் சொல்லுவேன், தட்டினால்தான் எழும்புவேன் என்று நின்ற ஆள் அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் நானும்தான். என் மூளையை யாரும் படம் எடுக்க வேண்டியதில்லை, அதில் ஒரு கோளாறும் இருக்காது.

ஜட்ஜ் அவனிடமே கேட்டார். "பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போனது தெரிந்ததா?"

"தெரிஞ்சுது" என்றான். இரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் பேச்சு.

"பிறகு ஏன் எழும்பவில்லை?"

பதில் இல்லை.

"வருத்தம் உண்டா?"

பதில் இல்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. பின்னால் யாரோ, "கல்லு மாதிரில்லா நிக்கான்" என்றார்கள். வாழைச்சருகை இரண்டு நாள் பிடித்திருந்தவன் அவன் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட்டைக் கலைத்தபோது பாக்கியம் என் எதிரே வந்து நின்றாள். ஏசுவாள் என்று பார்த்தேன். "நீங்க சொன்னதத்தானே அண்ணே நான் செய்தேன்" என்றாள். அதைக் கேள்வி போலத்தான் கேட்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நான் வார்டு புக்கில் "குளிப்பான்" என்பதற்குப் பக்கத்தில் "சொன்னால்" என்று எழுத ஆரம்பித்தேன். பெரிய டாக்டர் சிவப்பு மையால் அடித்தார். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை என்னைச் சலவைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷத்தை ஒட்டிப் புது மாத்திரை வந்தது. கத்துகிறவர்கள் கத்துவதை நிறுத்தினார்கள், வார்டு அமைதியாகிவிட்டது என்று மேலதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். செல்லையாவைப் போலச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அந்தக் கேள்வித்தாளில் "யாரும் சொல்லாமல்" என்ற சொல் ஏறவில்லை.

செல்லையாவுக்கு இரண்டு வருஷம் ஜெயில். அவன் அதை முடிக்கவில்லை. உணவு உண்ண மறுத்து உயிர் விட்டான் என்று அங்கிருந்து எங்கள் ஆபீசுக்கு ஒரு காகிதம் வந்தது. செல்லையா எதையும் மறுத்தவன் இல்லை. அவன் முன்னால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், "தின்னு" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் காகிதத்தை நான் படித்தேன், மடித்து ஃபைலில் வைத்தேன். ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தக் காகிதம் இல்லை. தீர்ப்பு சொன்ன அன்று சாயங்காலம் நடந்ததுதான்.

ஜட்ஜ் எழுந்து போய்விட்டார். கூட்டமும் போய்விட்டது. செல்லையா கூண்டிலேயே நின்றான். கான்ஸ்டபிள், "எறங்குலே" என்றான். அவன் அசையவில்லை. கான்ஸ்டபிள் கையைப் பிடித்து இழுத்தான், பிறகு முதுகில் தள்ளினான். "பிள்ளையக் கொன்னுட்டு நிக்கத பாரு, திமிரு" என்று லத்தியை ஓங்கினான். அடி விழுந்தாலும் அவன் நின்றிருப்பான். விடியும் வரைக்கும் நின்றிருப்பான்.

நான் கூண்டருகே போனேன். இடது தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினேன்.

"நட மக்கா" என்றேன்.

இறங்கினான். கான்ஸ்டபிள் முன்னே போக, ஜெயில் வண்டி நின்ற பக்கமாக ஒழுங்காக நடந்து போனான்.